கணினியில் நுழைந்ததும் கோப்புகளைக் காணவில்லையா? யூசர் புரொஃபைல் பற்றி ஓர் எளிய விளக்கம்

வீட்டுக் கணினியில் வழக்கம்போலக் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே நுழைந்ததும், நேற்று வரை டெஸ்க்டாப்பில் இருந்த படங்களும் ஃபோல்டர்களும் ஒன்றுகூட இல்லாமல், விண்டோஸின் வெறும் பின்னணிப் படமும் குப்பைத் தொட்டிச் சின்னமும் மட்டும் தெரியும்போது, பல வீடுகளில் உடனே எடுக்கப்படும் முடிவு, எல்லாம் அழிந்துவிட்டது, கடையில் கொடுத்து ஃபார்மட் செய்துவிடலாம் என்பதுதான். இந்த முடிவை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். இத்தகைய நிலையில் பெரும்பாலும் கோப்புகள் எதுவும் அழிந்திருப்பதில்லை. அவை வன்தட்டில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றை உங்கள் கண்ணுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடு மட்டும் அன்று செயல்படாமல் போயிருக்கிறது. அவசரப்பட்டு ஃபார்மட் செய்தால், அதுவரை அழியாமல் இருந்ததும் அழிந்துவிடும்.

அந்த ஏற்பாட்டுக்குத்தான் யூசர் புரொஃபைல் என்று பெயர். ஒரு வீட்டில் ஒரே கணினி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குலசேகரத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் அப்பா ஷீட் விற்ற கணக்கை அதில் எழுதுகிறார். கல்லூரியில் படிக்கும் மகள் தன் புராஜெக்ட் அறிக்கையைத் தயாரிக்கிறாள். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மகன் அனுப்பும் படங்களை அம்மா சேர்த்து வைக்கிறார். மூவருக்கும் தனித்தனிக் கணக்குகள் இருந்தால், சி டிரைவில் உள்ள யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் மூவருக்கும் தனித்தனி ஃபோல்டர்களை விண்டோஸ் உருவாக்கி வைத்திருக்கும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் என்று நாம் அன்றாடம் புழங்குபவை எல்லாம் அந்தத் தனி ஃபோல்டருக்குள் இருக்கும் உள்ஃபோல்டர்களே. அவற்றோடு ஆப்டேட்டா என்ற பெயரில், சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்ட ஒரு ஃபோல்டரும் உண்டு. பிரவுசரின் புக்மார்க்குகள், மென்பொருள்களின் அமைப்புகள் போன்றவை அங்கே சேமிக்கப்படுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, என்டியூசர் டாட் டேட் என்ற மறைவான கோப்பு ஒன்று அந்த ஃபோல்டரில் இருக்கிறது. உங்கள் டெஸ்க்டாப்பின் பின்னணிப் படம் எது, எந்த விசைப்பலகையில் தமிழ் தட்டச்சு செய்கிறீர்கள், எந்த பிரின்டரை முதலாவதாக வைத்திருக்கிறீர்கள் என்பன போன்ற உங்களுக்கே உரிய அமைப்புகள் எல்லாம் பதிந்திருப்பது அந்த ஒரே கோப்பில்தான். இந்த முழுத் தொகுப்பும் சேர்ந்ததுதான் ஒருவரின் புரொஃபைல்.

நீங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்ததும் நடப்பதை அறிந்துகொண்டால், கோளாறு எங்கே நேர்கிறது என்பது தானாகவே விளங்கும். விண்டோஸ் உங்களைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் எஸ்ஐடி எனப்படும் நீண்ட எண் ஒன்றை அது கொடுத்திருக்கிறது. வீட்டுக் கணினிகளில் அந்த எண் பெரும்பாலும் 1001, 1002 என்பது போன்ற இலக்கங்களில் முடியும். விண்டோஸின் அமைப்புகள் அனைத்தும் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற தரவுத்தொகுப்பில், புரொஃபைல்லிஸ்ட் என்ற பகுதி இருக்கிறது. இன்ன எண்ணுக்கு உரியவரின் ஃபோல்டர் இன்ன இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பு அங்கேதான் உள்ளது. நிலத்துக்கு சர்வே எண்ணும், அது யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் பதிவேடும் இருப்பது போன்ற ஏற்பாடு இது. பதிவேட்டில் எழுத்துப்பிழை நேர்ந்தால் நிலம் எங்கும் ஓடிவிடுவதில்லை, அதற்கு உரியவர் உள்ளே போக முடியாமல் ஆகிறது, அவ்வளவே. விண்டோஸ் அந்தக் குறிப்பைப் பார்த்து, ஃபோல்டரைக் கண்டுபிடித்து, அதிலுள்ள என்டியூசர் கோப்பைத் திறந்து ஏற்றிக்கொண்ட பிறகே உங்கள் டெஸ்க்டாப்பைக் காட்டுகிறது. குறிப்பு தவறியிருந்தாலோ, அந்தக் கோப்பைத் திறக்க முடியாமல் போனாலோ, இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, யூசர் புரொஃபைல் சர்வீஸ் தோல்வியுற்றது என்ற ஆங்கில அறிவிப்போடு உங்களை உள்ளே விடாமல் நிறுத்திவிடும். அல்லது, தற்காலிக புரொஃபைல் ஒன்றை அந்த நேரத்துக்கென்று உருவாக்கி, அதற்குள் உங்களை அனுமதிக்கும். வெறுமையாகத் தெரியும் அந்த டெஸ்க்டாப் இந்தத் தற்காலிக புரொஃபைலுக்கு உரியது.

தற்காலிக புரொஃபைலில் நீங்கள் எழுதிச் சேமிக்கும் எதுவும் நிலைக்காது. அதிலிருந்து வெளியேறும்போது விண்டோஸ் அந்த ஃபோல்டரையே நீக்கிவிடும். டெஸ்க்டாப் காலியாக இருக்கிறதே என்று எண்ணிக்கொண்டு, அன்றைய வேலையை அங்கேயே தொடங்கி, மாலையில் கணினியை அணைத்தவர்கள் அந்த ஒரு நாள் உழைப்பை உண்மையிலேயே இழக்கிறார்கள். பழைய கோப்புகள் பத்திரமாக இருக்க, புதிதாகச் செய்தது மட்டும் அழிந்துபோகும் இந்த நிலையைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் எச்சரிப்பேன்.

தற்காலிக புரொஃபைல்தானா என்று உறுதிசெய்வது

வெளிநாட்டில் இருக்கும் மகனை அம்மா தொலைபேசியில் அழைத்து, "மக்கா, எனக்க படம் ஒண்ணையும் காணல்ல, எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று சொல்லும்போது, அந்தப் பக்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, உள்ளே நுழைந்தபோது திரையில் ஏதாவது அறிவிப்பு வந்ததா என்பது. உங்கள் கணக்கில் நுழைய இயலவில்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்புப் பெட்டி வந்திருந்தால், அது தற்காலிக புரொஃபைலின் தெளிவான அடையாளம். பலர் அதைப் படிக்காமலேயே மூடிவிடுவதால், அறிவிப்பு எது வந்தாலும் மூடுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வேண்டும்.

அறிவிப்பைத் தவற விட்டிருந்தாலும் கண்டறிய வழி உண்டு. ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பட்டையில், யூசர்புரொஃபைல் என்ற ஆங்கிலச் சொல்லை இடைவெளியின்றி, முன்னும் பின்னும் சதவீதக் குறி இட்டுத் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்துங்கள். அப்போது திறக்கும் ஃபோல்டரின் பெயர் டெம்ப் என்றோ, டெம்ப் என்று தொடங்கும் ஏதாவது ஒன்றாகவோ இருந்தால், நீங்கள் இருப்பது தற்காலிக புரொஃபைலில்தான். உங்கள் பெயருள்ள வழக்கமான ஃபோல்டரே திறந்தால், கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

அந்த வேறிடங்களையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டெஸ்க்டாப்பில் வலது சொடுக்கு செய்து, வியூ என்ற பட்டியலில், சின்னங்களைக் காட்டுவதற்கான தேர்வு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் கை பட்டு அது அணைந்துபோவது வழக்கம். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் சேவையின் காப்புநகல் வசதி இயங்கத் தொடங்கியிருந்தால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் உங்கள் ஃபோல்டருக்குள் இருக்கும் ஒன்டிரைவ் என்ற உள்ஃபோல்டருக்கு இடம் மாறியிருக்கும். பழைய இடத்தில் தேடினால் கிடைக்காது. கணினியில் வேறொரு மைக்ரோசாஃப்ட் கணக்கைப் புதிதாகச் சேர்த்து அதன் வழியே நுழைந்திருந்தால், விண்டோஸ் அதற்கெனத் தனி ஃபோல்டரை உருவாக்கியிருக்கும். அவ்வாறு உருவாகும் ஃபோல்டருக்கு மின்னஞ்சல் முகவரியின் முதல் 5 எழுத்துகளே பெயராக அமைவதால், அரைகுறையான பெயரில் ஒரு ஃபோல்டரைக் கண்டு வைரஸ் என்று அஞ்சி அதை அழித்துவிடக் கூடாது.

முதலில் கோப்புகள், பிறகுதான் பழுது

தற்காலிக புரொஃபைல் என்று உறுதியானதும் செய்ய வேண்டியது, கணினியை ரீஸ்டார்ட் செய்வது. ஷட் டவுன் செய்து மறுபடி இயக்குவதும் ரீஸ்டார்ட் செய்வதும் ஒன்றல்ல. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருப்பதால், ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் ஒரு பகுதி முழுமையாக மூடப்படாமல் வன்தட்டில் அப்படியே எழுதி வைக்கப்பட்டு, அடுத்த முறை அதிலிருந்தே தொடர்கிறது. ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாமே முதலிலிருந்து தொடங்கும். ஆன்டிவைரஸ் மென்பொருளோ, பாதியில் நிற்கும் அப்டேட்டோ அந்த என்டியூசர் கோப்பைப் பிடித்து வைத்திருந்ததால் மட்டும் சிக்கல் நேர்ந்திருந்தால், ஓரிரு முறை ரீஸ்டார்ட் செய்ததுமே பழைய டெஸ்க்டாப் திரும்பிவிடும். 2020 பிப்ரவரியில் விண்டோஸ் 10க்கு வந்த கேபி 4532693 என்ற அப்டேட்டை நிறுவிய சிலர், தற்காலிக புரொஃபைலில் நுழைந்து, கோப்புகளைக் காணாமல் தவித்தார்கள். அவர்களில் பலருக்கும் பழைய ஃபோல்டர் வேறு பெயரில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே இருந்தது. சிலருக்குச் சில முறை ரீஸ்டார்ட் செய்ததே போதுமானதாக இருந்தது.

அது பலிக்காவிட்டால், பழுதுபார்க்கும் எந்த வேலையையும் தொடங்குவதற்கு முன், கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். இந்த வரிசையை மாற்றவே கூடாது. சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து, உங்கள் பெயருள்ள ஃபோல்டரைச் சொடுக்குங்கள். அதைத் திறக்க அனுமதி இல்லை என்று விண்டோஸ் சொல்லி, கன்டினியூ என்ற பொத்தானைக் காட்டலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை உள்ள கணக்காக இருந்தால், அதை அழுத்தியதும் திறந்துவிடும். உள்ளே டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், வீடியோஸ் ஆகியவற்றைப் பார்த்து, எல்லாம் இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகு, ஒரு வெளிப்புற வன்தட்டுக்கு நகலெடுங்கள். நகர்த்துவது வேண்டாம், நகல் மட்டுமே எடுங்கள்.

பென் டிரைவில் நகலெடுப்பவர்களுக்கு இங்கே ஒரு தடை வருவதுண்டு. படங்கள் எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த பிறகு, கல்யாண வீடியோ வரும்போது மட்டும், கோப்பு மிகப் பெரிதாக இருக்கிறது என்று விண்டோஸ் மறுத்துவிடும். பென் டிரைவிலோ 20 ஜிபி இடம் காலியாக இருக்கும். பழைய பென் டிரைவுகள் பலவும் ஃபேட் 32 என்ற முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். அந்த முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது. வேறொரு பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து பயன்படுத்தினால் சரியாகிவிடும். அதற்கு முன், ஃபார்மட் செய்யப்போவது பென் டிரைவைத்தான் என்பதை அதற்குரிய டிரைவ் எழுத்தைப் பார்த்து இருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நகலெடுக்கும்போது கணினி திடீர் திடீரென நின்று நின்று நகர்ந்தாலோ, வன்தட்டிலிருந்து டிக் டிக் என்ற ஒலி சீராக வந்தாலோ, கோளாறு புரொஃபைலில் தொடங்கவில்லை, வன்தட்டே பழுதடையத் தொடங்கியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அப்போது மிக முக்கியமானவற்றை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு, மற்ற சோதனைகள் எதையும் ஓட்டாமல் கணினியை அணைத்து, விவரம் அறிந்தவரிடம் கொடுப்பதுதான் நல்லது. பழுதான வன்தட்டில் பழுதுநீக்கும் மென்பொருள்களை ஓட்ட ஓட்ட, இருப்பதும் படிக்க முடியாமல் போகும் ஆபத்து அதிகமாகிறது.

உள்ளே நுழையவே விடாத வகைக் கோளாறாக இருந்தால், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுள்ள இன்னொரு கணக்கு வழியாக நுழைந்து இதே வேலையைச் செய்யலாம். அப்படி ஒரு கணக்கு இல்லையென்றால், கடவுச்சொல் கேட்கும் திரையிலேயே ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, மிகத் தேவையானவற்றோடு மட்டும் விண்டோஸ் இயங்கும் சேஃப் மோடில் நுழைய முடிகிறதா என்று பார்க்கலாம். அந்நேரத்தில், வன்தட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் என்ற வசதியின் மீட்பு விசை என்று 48 இலக்க எண் ஒன்றைக் கணினி கேட்கக்கூடும்; மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒன்றை, கணினி நன்றாக இருக்கும் இந்நாளிலேயே உருவாக்கி, அதன் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது பிற்பாடு எவ்வளவோ அலைச்சலைக் குறைக்கும்.

பழைய புரொஃபைலைச் சரிசெய்வதா, புதியதற்கு மாறுவதா?

பழுதுபார்க்கும் வேலையில் முதலில் வன்தட்டில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். சி டிரைவ் நிரம்பி, சில எம்பிக்கள் மட்டுமே மிஞ்சியிருந்தால், புரொஃபைலைத் திறக்க விண்டோஸுக்கு இடமே இருக்காது. பிறகு, சி டிரைவின் மேல் வலது சொடுக்கு செய்து, பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் என்ற வரிசையில் சென்று வன்தட்டுச் சோதனையை ஓட்டுங்கள்.

அதன் பின், இரண்டாவது அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்து, ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, புரொஃபைல்லிஸ்ட் பகுதியைப் பார்க்கலாம். லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட் வெர்ஷன் என்ற வரிசையில் சென்றால் அது இருக்கும். ஒரே எஸ்ஐடி எண் இரண்டு முறை பதிந்து, அவற்றில் ஒன்றின் முடிவில் மட்டும் டாட் பேக் என்ற பின்னொட்டு இருப்பதுதான் தற்காலிக புரொஃபைலின் நன்கு அறியப்பட்ட தடயம். பின்னொட்டு உள்ளதைச் சொடுக்கி, புரொஃபைல் இமேஜ் பாத் என்ற வரியில் உங்கள் பழைய ஃபோல்டரின் பெயர் இருக்கிறதா என்று சரிபாருங்கள். இருந்தால், பின்னொட்டு இல்லாத பதிவுக்கு டாட் ஓல்ட் என்று சேர்த்து வேறு பெயர் கொடுத்துவிட்டு, பழைய ஃபோல்டரைக் காட்டும் பதிவிலிருந்து டாட் பேக் என்பதை நீக்கிவிட வேண்டும். அதில் ஸ்டேட், ரெஃப்கவுன்ட் என்ற வரிகள் இருந்தால் அவற்றின் மதிப்பை 0 ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். தொடங்கும் முன், புரொஃபைல்லிஸ்ட் மேல் வலது சொடுக்கு செய்து, எக்ஸ்போர்ட் மூலம் ஒரு நகலைச் சேமித்துக்கொள்வது கட்டாயம். ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கத் தயக்கம் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாராளமாகத் தவிர்த்துவிடலாம். அதனால் எந்த இழப்பும் இல்லை. நிகழ்ந்தது என்ன என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்பினால், விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் என்ற பிரிவைத் திறந்து பாருங்கள். 1511 என்ற எண், தற்காலிக புரொஃபைலில் நுழைய நேர்ந்ததையும், 1515 என்ற எண், பழைய புரொஃபைலை விண்டோஸ் பின்னொட்டு இட்டு ஒதுக்கி வைத்ததையும் குறிக்கும்.

ரெஜிஸ்ட்ரிக் குறிப்பு மட்டும் தவறியிருந்தால் மேற்சொன்ன வழி போதும். என்டியூசர் கோப்பே சிதைந்திருந்தால் அது பயன்படாது. ஸ்டார்ட் மெனு திறக்காமல் இருப்பது, மாற்றிய அமைப்புகள் அடுத்த நாள் பழையபடி ஆகிவிடுவது போன்ற அரைகுறைக் கோளாறுகளும் இந்த வகையில் சேரும். கோளாறு உங்கள் புரொஃபைலில் மட்டுமா, விண்டோஸ் முழுவதிலுமா என்பதை அறிய, புதிய கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இயங்கினால், பழைய புரொஃபைல்தான் பழுது. இந்நிலையில் நாள் முழுதும் உட்கார்ந்து அதைச் சீராக்குவதைவிட, புதிய புரொஃபைலுக்குக் குடியேறுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் என்பதற்குள் அதர் யூசர்ஸ் என்ற இடத்தில் புதிய கணக்கைச் சேர்க்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வழியும் அங்கேயே உண்டு. ஒருமுறை அதில் நுழைந்து வெளியே வந்தால்தான் அதற்கான ஃபோல்டர் உருவாகும். பிறகு, எடுத்து வைத்த நகலிலிருந்து டாக்குமென்ட்ஸை டாக்குமென்ட்ஸிலும், படங்களைப் பிக்சர்ஸிலும் என்று உரிய இடங்களில் சேர்த்துவிடுங்கள். பழைய ஃபோல்டரை மொத்தமாக நகலெடுத்துப் புதியதன் மேல் கொட்டிவிடக் கூடாது. அவ்வாறு செய்தால் சிதைந்த என்டியூசர் கோப்பும் கூடவே வந்து, புதிய புரொஃபைலையும் கெடுத்துவிடும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் பழைய கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை என்பதால், ஆப்டேட்டாவிலிருந்து நகலெடுத்தாலும் அவை திறக்காது. குரோமில் கூகுள் கணக்கோடு ஒத்திசைத்து வைத்திருந்தவர்கள், புதிய புரொஃபைலில் அதே கணக்கில் நுழைந்தால் போதும்.

நம் ஊர்ப் பயனர்களை மேலும் ஒன்று கலங்கடிப்பதைப் பார்க்கிறேன். பங்குத் திருவிழா நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ், பழைய கடிதங்கள் என்று பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கின்றன. புதிய புரொஃபைலில் அவற்றைத் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில், பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் பக்கம் முழுவதும் நிறைந்திருக்கலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். விண்டோஸின் அண்மைப் பதிப்புகளில் ஓர் எழுத்துருவைச் சாதாரணமாக நிறுவினால், அது நிறுவியவரின் புரொஃபைலுக்குள் மட்டுமே, ஆப்டேட்டாவில் போய் உட்காரும். புதிய கணக்குக்கு அது இருப்பதே தெரியாது. எழுத்துருக் கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து, எல்லாப் பயனர்களுக்கும் நிறுவுவதற்கான தேர்வைக் கொடுத்துவிட்டு, அதே கோப்பை மறுபடி திறந்தால், அச்செழுத்துகள் அப்படியே தமிழாகத் தெரியும். தமிழ் 99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தவர்கள், அதையும் புதிய கணக்கில் மறுபடி சேர்க்க வேண்டும்.

புரொஃபைல் ஏன் கெடுகிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் இக்கேள்விக்கு விடை பெரும்பாலும் மின்சாரத்தில்தான் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று இரண்டையும் பெறும் மாவட்டம் இது. சித்திரை மாதத்து இடிமழையும் சேர்ந்தால், ஆண்டில் பல மாதங்கள் மின்சாரம் நிலையாக இருப்பதில்லை. அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் மரக்கிளைகளும் தென்னை மட்டைகளும் மின்கம்பியில் விழுந்துகொண்டே இருக்கின்றன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. ஆனால் புரொஃபைலைக் கெடுப்பது நாள்கணக்கான மின்தடை அன்று. ஒரு நொடி போய், அடுத்த நொடி வந்து, மறுபடியும் போகும் மின்சாரம்தான். விண்டோஸ் என்டியூசர் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் நின்றுவிட்டால், எழுத்து பாதியில் அறுந்துபோகிறது. இதற்காகவே மாற்றங்களைத் துணைக் கோப்பு ஒன்றில் முன்கூட்டியே குறித்து வைத்து, மறுமுறை இயங்கும்போது சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு விண்டோஸில் உண்டு. ஆகவே ஒவ்வொரு மின்தடையும் கேடு செய்துவிடாது. அடிக்கடி அறுந்தாலோ, வன்தட்டும் பழையதாக இருந்தாலோ, அந்த ஏற்பாடும் ஒருநாள் கைவிட்டுவிடும்.

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, கணினி ஏன் அணைகிறது என்று பலர் கேட்கிறார்கள். வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றின் பின்புறத்திலோ முன்புறத்திலோ, யுபிஎஸ் என்றும் நார்மல் அல்லது ஈகோ என்றும் இரு நிலைகள் கொண்ட ஒரு சுவிட்ச் இருக்கும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் நார்மல் நிலை போதுமானது. மின்சாரம் போனதும் பேட்டரிக்கு மாற அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில், விளக்கு ஒருமுறை சிமிட்டுவதோடு சரி. மேசைக் கணினிக்கு அந்தச் சிமிட்டலே அணைந்துபோகப் போதுமானது. சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வைத்தால், மாறும் நேரம் வெகுவாகக் குறைந்து, கணினி நிற்காமல் ஓடும். அப்படியும் அணைந்தால், கணினிக்கென்று சிறிய யுபிஎஸ் ஒன்றைத் தனியே வைப்பதுதான் வழி. மடிக்கணினி என்றால் இந்தக் கவலை இல்லை என்று எண்ணுவதும் பேட்டரி உயிரோடு இருக்கும் வரையில்தான். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளை இன்னும் பயன்படுத்தும் வீடுகள் இருக்கின்றன. அவற்றில் பேட்டரி செத்துப்போய், சார்ஜர் வயரில் மட்டுமே ஓடுபவை, புரொஃபைல் கெடுவதைப் பொறுத்தவரை மேசைக் கணினிகளேதான்.

விண்டோஸின் மாதாந்திர அப்டேட்டுகள் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகின்றன. நம் நேரப்படி அன்று இரவுக்குப் பிறகு வந்து சேரும். பராமரிப்புப் பணிக்காக மின்தடை அறிவிக்கப்பட்ட நாளும் அதற்கு அருகில் அமைந்தால், அறிவிக்கப்பட்ட நேரத்துக்கு முன்பே அப்டேட்டை முடித்துவிடுங்கள், அல்லது தள்ளிவையுங்கள். விண்டோஸ் 10க்கான இலவசப் பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டதால், அதைப் பயன்படுத்துபவர்கள் கோப்புகளின் நகலை வெளியே வைத்திருப்பதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

கடையில் கொடுக்கும்போதும், பழைய கணக்கை நீக்கும்போதும்

இவற்றை எல்லாம் தாமே செய்யத் துணியாதவர்கள் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு சர்வீஸ் கடையில் கணினியைக் கொடுப்பதில் தவறில்லை. கொடுக்கும்போது, சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் அனைத்தையும் நகலெடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும் என்று சொல்லி, ரசீதிலும் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டி டிரைவில் எல்லாம் இருக்கிறது, சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்கிறோம் என்று கடையில் சொல்வது வழக்கம். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பதை இதுவரை படித்தவர்கள் அறிவீர்கள்.

புதிய புரொஃபைலுக்கு மாறிய பிறகு, பழைய கணக்கை அன்றே நீக்கிவிட வேண்டாம். வரி கட்டிய ரசீது, ஸ்கேன் செய்த சான்றிதழ், மின்னஞ்சல் மென்பொருளுக்குள் இருந்த பழைய கடிதங்கள் என்று எதையாவது எடுக்க மறந்திருப்பது தேவைப்படும் நாளில்தான் நினைவுக்கு வரும். சில வாரங்கள் அதைப் பயன்படுத்தாமல் அப்படியே விட்டுவையுங்கள். நீக்கும்போது செட்டிங்ஸ் வழியாகப் போனால், கணக்கோடு அதிலுள்ள தரவும் அழியும் என்று விண்டோஸ் எச்சரிக்கும். அது சொல்வது உண்மை, அந்தப் பொத்தானை அழுத்தினால் ஃபோல்டர் முழுவதும் போய்விடும். கன்ட்ரோல் பேனல் வழியாக நீக்கினால், கோப்புகளை வைத்துக்கொள்ளலாமா என்று அது கேட்கும். வைத்துக்கொள்ளும்படி சொன்னால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், படங்கள், இசை, வீடியோக்கள் போன்றவற்றை உங்கள் புதிய டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டராக இட்டுத் தரும். மின்னஞ்சல்களும் ஆப்டேட்டாவில் உள்ளவையும் அதில் சேராது என்பதால், அவை வேண்டியவர்கள் முன்னதாகவே தனியே நகலெடுத்து வைத்திருக்க வேண்டும்.